ஆபீஸ் பையன் ஜிம்மி ஓல்சனும் கொழுந்துவிட்ட சிலுவையும்

சூப்பர்மேன் கதைகளில் எனக்கு சூப்பர்மேனை விட ஜிம்மி ஓல்சனைத்தான் பிடிக்கும். டெய்லி பிளானட் பத்திரிகை ஆபீஸில் எடுபிடி வேலை. ஆனா நினைப்பெல்லாம் துப்பறிவதில். யாரும் கூப்பிடாத இடத்துக்குப் போய் மூக்கை நுழைப்பான், மாட்டிக்கொள்வான், மேலே பறந்து வந்து ஒருவர் காப்பாற்றுவார். சின்ன வயசில் இதை வெறும் காமெடி என்று நினைத்திருந்தேன்.

1938 நவம்பரில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 6வது இதழில் போ டை கட்டிய ஒரு ஆபீஸ் பையன் எட்டிப் பார்க்கிறான். பெயர் கூட கிடையாது. அவன்தான் ஜிம்மி என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்த உறவு. ஜிம்மிக்குப் பெயரும் குரலும் கொடுத்தது காமிக்ஸ் இல்லை, ரேடியோ. 1940 பிப்ரவரி 12ல் தொடங்கிய சூப்பர்மேன் வானொலித் தொடரில் ஏப்ரல் 15ஆம் தேதி அவன் நுழைகிறான். அவன் அம்மாவின் கடையில் ரவுடிகள் மாமூல் கேட்கிறார்கள், அதை கிளார்க் கென்ட்டிடம் வந்து சொல்கிறான். அச்சில் அதே பெயரோடு அவன் வந்தது 1941 கடைசியில்தான்.

ரேடியோவுக்கு இப்படி ஒரு பையன் எவ்வளவு உதவி என்பதை யோசித்தால் சுவாரசியமா இருக்கும். காமிக்ஸில் நாயகன் மனசுக்குள் நினைப்பதை தலைக்கு மேல் ஒரு மேகம் வரைந்து எழுதிவிடலாம். ரேடியோவில் வாய்விட்டுத்தான் சொல்லணும், சொல்ல ஒரு ஆள் வேணும். லோயிஸ் லேன் போட்டி நிருபர், அவரிடம் எல்லாத்தையும் உளற முடியாது. விடாமல் "ஏன் சார், எப்படி சார்" என்று கேட்கும் பையன் இருந்தால் கதை தானா நகரும். (எங்கள் தொழிலில் புரோகிராம் ஓடவில்லை என்றால் மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் விளக்குவோம். அதே டெக்னிக்.)

அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸில் 'காப்பி பாய்' என்றொரு வேலை உண்டு. குடிக்கிற காப்பி இல்லை. நிருபர் ஒரு தாளை டைப் அடித்து முடித்ததும் "காப்பி!" என்று கத்துவார். பையன் ஓடிவந்து அதை உதவி ஆசிரியரிடம் கொண்டுபோகணும், அங்கிருந்து அச்சுக்கோர்க்கும் இடத்துக்கு. எல்லா மேஜைக்கும் போவான், எல்லாச் செய்தியும் காதில் விழும், அவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். துப்பறிகிறவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் எங்கே கிடைக்கும்?

1946 ஜூன் 10 முதல் ஜூலை 1 வரை 16 பகுதிகளாக ஒலிபரப்பான ஒரு கதைதான் ஜிம்மியைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது. ஜிம்மி ஒரு பேஸ்பால் அணியைக் கவனித்துக்கொள்கிறான். டாமி லீ என்ற சீன-அமெரிக்கப் பையன் அணியில் சேர்ந்து நன்றாகப் பந்து வீசுகிறான். அதுவரை பந்து வீசிய சக் ரிக்ஸுக்குப் பொறாமை. அவனுடைய மாமா, முகமூடிக் கூட்டம் ஒன்றின் தலைவர். டாமி வீட்டு வாசலில் ஒரு சிலுவை எரிகிறது. கதையில் கூட்டத்தின் பெயர் மாற்றப்பட்டிருந்தாலும், அது கு கிளக்ஸ் கிளான் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. போர் முடிந்த கையோடு ஜார்ஜியாவில் கிளான் மறுபடி தலைதூக்கிய சமயம் அது. மாலையில் சிற்றுண்டி விளம்பரத்தோடு வரும் குழந்தைகள் நிகழ்ச்சியில் இதைப் பேசியதே பெரிய துணிச்சல்.

இதோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். ஸ்டெட்சன் கென்னடி என்ற எழுத்தாளர் கிளானுக்குள் வேஷம் போட்டு நுழைந்தார், ரகசியச் சொற்களைத் திருடி ரேடியோக்காரர்களிடம் கொடுத்தார், அவை ஒலிபரப்பானதும் கிளான் சிரிப்பாய்ச் சிரித்தது என்று. ஃப்ரீக்கனாமிக்ஸ் புத்தகத்தில் படித்துவிட்டு நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதை எழுதிய லெவிட்டும் டப்னரும் 2006 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் மேகசினில், தாங்கள் ஏமாந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இன்னொருவர் உள்ளே இருந்து சேகரித்ததையும் கென்னடி தன் சாகசமாக எழுதியிருந்தார் என்பது குற்றச்சாட்டு. கென்னடி கிளானை எதிர்த்து உழைத்தது உண்மை. ஆனால் துப்பறியும் கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்துவிட்டது. நான் சொல்லிய பத்துப் பேரில் மூன்று பேரிடம்தான் திருத்திச் சொல்ல முடிந்தது.

அந்த ஒலிப்பதிவுகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. கேட்டுப் பாருங்கள், கதையை நகர்த்துவது கடவுச்சொல் எதுவும் இல்லை. ஒரு பையன் பயந்துபோய்ப் பெரியவரிடம் வந்து சொல்வதுதான். முதலில் ஜிம்மி கென்ட்டிடம் வருகிறான். கடைசியில் ஜிம்மியும் ஆசிரியர் பெர்ரி ஒயிட்டும் கடத்தப்படும்போது, துப்பறியும் பையன் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கிறான். அப்போது வாயைத் திறப்பது சக், சொந்த மாமாவுக்கு எதிராக.