ஐயுறுவோர் முன் இயேசு: விளம்பரம் தீட்டிய மூன்று உருவங்கள்

சமயத்தில் ஐயமுடையாரின் வெறுப்பு இயேசுவின்பாற்பட்டதன்று, திருச்சபையின்பாற்பட்டதே எனக் கருதிய விளம்பரத் துறையினர், சபை காட்டிய உருவத்தை விலக்கிப் புதிய உருவங்களைத் தீட்டினர். அவற்றுள் மூன்றினை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நிற்பவர் அமெரிக்கரான புரூஸ் பார்ட்டன். சமய குருவின் மைந்தரான இவர், 1919-இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1925-இல் இவர் வெளியிட்ட ‘ஒருவரும் அறியாத மனிதர்’ என்னும் பொருள்படும் பெயருடைய நூல் பெருவிற்பனை கண்டது. தச்சுத் தொழிலால் உரம் பெற்றவர், விருந்துகளில் விரும்பப்பட்டவர், எளியவர் பன்னிருவரைக் கொண்டு பேரமைப்பை நிறுவியவர், இக்கால வணிகத்தின் முன்னோடி என இயேசுவை அந்நூல் காட்டிற்று.

பார்ட்டன் சான்றாகக் கொண்டது லூக்கா 2:49. சிறுவர் இயேசு கோயிலில் கூறும் மறுமொழியில், 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு ‘பிசினஸ்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. ஆண்டு அச்சொல் ‘கருமம்’ என்னும் பொதுப்பொருளிலேயே நின்றது. கிரேக்க மூலத்திலோ ‘தந்தைக்கு உரியவை’ என்னும் கருத்தன்றி வணிகச் சொல் இல்லை. பழைய தமிழ்ப் பெயர்ப்பும் ‘அடுத்தவை’ என்றே கூறும். பிற்காலப் பொருளை முற்காலச் சொல்லின்மேல் ஏற்றியே பார்ட்டன் வணிகரைக் கண்டார் என்பது தெளிவு.

1999-இல் இங்கிலாந்துத் திருச்சபைகளின் விளம்பர இணையம், உயிர்ப்புத் திருநாளையொட்டிச் சுவரொட்டி ஒன்றை வெளியிட்டது. சே குவேராவின் புகழ்மிக்க படத்தை ஒத்த சாயலில் முள்முடி சூடிய இயேசு அதில் தோன்றினார். சாந்தமே உருவானவர் என்னும் வழக்கினை அதன் வாசகம் எள்ளிற்று. வணிகர் புரட்சியாளராயினார்.

2022-இல் அமெரிக்காவில் ‘அவர் நம்மை உணர்கிறார்’ என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் இயக்கம் எழுந்தது. 2024-இல் ‘சூப்பர் பௌல்’ பந்தாட்ட ஒளிபரப்பிடையே, பகைபட்டோர் ஒருவர் காலை ஒருவர் கழுவும் காட்சிகளை அது காட்டிற்று. மனந்திரும்புதலைக் கூறவில்லையே எனப் பற்றுடையோர் சிலர் குறைகூறினர். இத்துணைப் பொருளை வறியவர்க்கு வழங்கலாகாதோ எனப் பிறர் வினவினர்.

1999-இல் எள்ளப்பட்ட தாழ்மையே 2024-இல் ஏற்றிப் போற்றப்பட்டமை நோக்கத்தக்கது. வெற்றியை விழைந்த காலம் வணிகரையும், கலகத்தை விழைந்த காலம் புரட்சியாளரையும், பிளவுண்ட காலம் தோழரையும் கண்டது. எனினும், உயிர்த்தெழுதல் உண்மையோ என்னும் ஐயுறுவோரின் மூலவினாவை இம்மூன்றும் தொடவில்லை. அவர்தம் வெறுப்பிற்கு மருந்து தேடினவேயன்றி, ஐயத்திற்கு விடை தேடினவல்ல என்பதே நாம் காணும் முடிபு.