மூழ்கிய கப்பல் மீண்டும் மிதந்தது!

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் பேருந்தில் மேற்குப் பக்கச் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை உங்களோடு கூடவே வரும். அந்த மலைக்காடுகளில் புலி உண்டு. 2021-ஆம் ஆண்டில் அவை ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டன. அடிவாரத்துப் புன்செய்களிலோ ஆடுகள் மேய்கின்றன. மலையில் புலி, மண்ணில் ஆடு! இவ்விரண்டையும் சில கோடுகளுக்குள் அடக்கி நம் முன்னோர் ஓர் ஆட்டம் அமைத்தார்கள். அதுதான் ஆடு புலி ஆட்டம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பெரிய பெரிய தளபதிகள் மேசையின் மீதும் தரையின் மீதும் இத்தகைய ஆட்டங்களை ஆடினார்கள். அவற்றுள் ஓர் ஆட்டம் ஒரு நாட்டைக் காத்தது. மற்றோர் ஆட்டம் ஒரு கடற்படையை ஏமாற்றியது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு என்ன? விதியை எப்படி நடத்தினார்கள் என்பதுதான். அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

இருபத்து மூன்று புள்ளிகள்

முதலில் நம் ஆட்டத்தையே பார்ப்போம். ஒரு கரித்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஓர் உச்சிப் புள்ளியிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகளை வரையுங்கள். அவற்றின் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள் போட்டு, இரு பக்கமும் அவற்றின் முனைகளை இணைத்து ஒரு பெட்டியாக்குங்கள். பெட்டிக்குக் கீழே நான்கு கோடுகளின் அடியையும் ஒரு கோட்டால் சேர்த்துவிடுங்கள். இப்பொழுது புள்ளிகளை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறு ஆறாக 18, அடியில் 4. ஆக மொத்தம் 23.

புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். ஓர் ஆடு இறங்கினால் ஒரு புலி நகரும். ஆட்டுக்கு அடுத்த புள்ளி நேர்கோட்டில் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது; எல்லாப் புலிகளையும் நகரவிடாமல் அடைப்பதே அதற்கு வெற்றி.

கணக்கைக் கவனியுங்கள். ஓர் ஆடும் சாகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் களத்தில் 18 காய்கள் இருக்கும். காலியிடம் 5 மட்டுமே. ஓர் ஆடு வெட்டப்பட்டால் காலியிடம் 6 ஆகும். ஐந்து ஆடுகள் போனால் 10 ஆகும். புலிக்கு வேண்டியது ஆடு மட்டுமன்று. ஆட்டுக்குப் பின்னால் காலியிடமும் வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆட்டின் சாவும் அடுத்த சாவுக்கு வழி திறக்கிறது. தொடக்கத்தில் ஒன்றிரண்டு ஆடுகளை அசட்டையாகப் பறிகொடுத்தவர் பிறகு திணறுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். நேர்கோடு எதுவும் தன் வழியே கடந்து செல்லாத புள்ளியில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அத்தகைய புள்ளிகள் இக்களத்தில் ஏழு. பெட்டியின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள், உச்சி ஆகியவையே அவை. முதலில் ஆடுகளை எங்கே இறக்கலாம் என்பது இப்பொழுது விளங்குகிறதல்லவா?

இனி விதிக்கு வருவோம். சில ஊர்ச் சிறுவர்களிடையே சச்சரவு எழுவதும் இங்கேதான். ‘எல்லா ஆடுகளும் இறங்கும் முன்பே ஓர் ஆட்டை நகர்த்தலாமா?’ ‘வெட்ட வாய்ப்பிருந்தால் புலி வெட்டியே தீரவேண்டுமா?’ இவை சிறு கேள்விகள் போலத் தோன்றலாம். ஆனால் புலி வெட்டியே தீரவேண்டும் என்று விதித்துப் பாருங்கள். உடனே ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைப் பலி கொடுத்துப் புலியைத் தமக்கு வேண்டிய மூலைக்கு இழுத்துவிடுவார். விதி ஒன்று மாறினால் போதும், தந்திரம் முழுவதும் மாறிவிடும்.

பிரஷ்யாவின் மேசை

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் பிறந்து உலகெங்கும் பரவியது. ஆனால் சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்; குதிரை பாய்ந்தால் வெட்டு நிச்சயம். உண்மைப் போர் அப்படியா? எதிரி மறைந்திருப்பான், சுட்ட குண்டு தவறியும் போகும்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்கள் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் ஆவர். தந்தை 1812-ஆம் ஆண்டில் தம் ஆட்டத்தை அரசருக்குக் காட்டினார். இராணுவ அதிகாரியான மகன் அதைத் திருத்தி 1824-இல் வெளியிட்டார். கட்டங்களுக்குப் பதிலாக உண்மையான நிலப்படம் வந்தது. குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்தது. இரு கட்சியாருக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார்; ஒவ்வொருவருக்கும் அவரவர் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே அவர் தெரிவித்தார். போர் ஆட்டம் என்பது போர்ப் பயிற்சியாக மாறியது.

நாளடைவில் விதிகள் பெருகின. அட்டவணையைப் புரட்டுவதிலேயே பொழுது போயிற்று. எனவே 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி ஒரு மாற்று வழியைக் கூறினார். அட்டவணையும் பகடையும் வேண்டாம். போரை நேரில் கண்ட அனுபவசாலியே நடுவராக இருந்து முடிவு சொல்லட்டும் என்றார். ஆட்டம் விரைவாயிற்று. ஆனால் ஓர் ஐயமும் கூடவே பிறந்தது. நடுவரே ஒரு கட்சிக்கு வேண்டியவராக இருந்தால் என்ன ஆகும்?

அதற்கு விடை 1942-இல் கிடைத்தது.

பகடை சொன்னதும் நடுவர் சொன்னதும்

அந்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. 9-ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கின. இடையில் 6-ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வீச்சுக்கு உள்ளாயின. ‘அடுத்தது சென்னையே’ என்ற அச்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை விட்டு வெளியேறினார்கள். இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுள் அக்காகி, சோர்யு, ஹிர்யு என்பவை மூன்று. நகுமோ என்பவர் அப்படையின் தலைவர்.

ஊர் திரும்பிய அப்படைக்கு அடுத்த வேலை காத்திருந்தது. பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள மிட்வே என்னும் சிறு தீவைப் பிடிக்கவேண்டும். மே மாதத் தொடக்கத்தில் யமடோ என்ற மாபெரும் போர்க்கப்பலில் அதிகாரிகள் கூடி அத்திட்டத்தை மேசைமீது ஆடிப் பார்த்தார்கள். தலைமை நடுவர் உகாகி. இவர் அக்கடற்படைத் தலைவர் யமமோட்டோவின் முதன்மை அலுவலர். அதாவது திட்டத்தை வகுத்தவர்களின் ஆளே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தார்!

ஆட்டத்தின் நடுவில் மிட்வேயிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின. ஒகுமியா என்ற அதிகாரி விதிப்படி பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன என்று முடிவாயிற்று. அக்காகி, காகா என்ற இரு விமானந்தாங்கிகளும் மூழ்கிவிட்டன. உகாகி குறுக்கிட்டார். ஒன்பது அல்ல, மூன்று என்று திருத்தினார். அதனால் காகா மட்டும் மூழ்கியது. அக்காகிக்குச் சிறு சேதம் என்று பதிவாயிற்று. வியப்பு அதோடு நிற்கவில்லை. மிட்வேக்குப் பிந்திய படையெடுப்பை ஆடத் தொடங்கியபோது, மூழ்கிய காகாவும் மீண்டும் மிதந்து வந்து கலந்துகொண்டது! போருக்குப் பின் இதை உலகுக்குத் தெரிவித்தவர்களுள் பகடை உருட்டிய ஒகுமியாவும் ஒருவர்.

உகாகியின் பக்கமும் சிறிது நியாயம் உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது. உண்மைப் போரில் மிட்வேத் தீவிலிருந்து வந்த விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கி எதன் மீதும் குண்டைப் படவைக்கவில்லை. ஒன்பது என்பது மிகை என்று அவர் கருதியது தவறாகத் தோன்றவில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அமெரிக்க விமானந்தாங்கிகள் பக்கவாட்டில் திடீரெனத் தோன்றினால் என்ன செய்வது என்ற கேள்வி அந்த மேசையிலேயே எழுந்தது. அதற்குத் திட்டவட்டமான விடை கிடைக்கவில்லை. கேள்வி நின்றது, ஆட்டம் நகர்ந்தது.

ஜூன் 4-ஆம் நாள் அதுவே நடந்தது. ஜப்பானியரின் மறைகுறிச் செய்திகளைப் படித்தறிந்த அமெரிக்கர்கள் மூன்று விமானந்தாங்கிகளுடன் காத்திருந்தார்கள். அக்காகி, காகா, சோர்யு, ஹிர்யு ஆகிய நான்கும் அழிந்தன. ஜப்பானியர் பக்கம் மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். மேசையில் மிதந்த காகாவைக் கடலில் மிதக்க வைக்க எந்த நடுவராலும் இயலவில்லை.

லிவர்ப்பூல் தரையில் சுண்ணாம்புக் கோடுகள்

அதே 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரில் வேறோர் ஆட்டம் தொடங்கியது. அட்லாண்டிக் கடலில் உணவும் தளவாடமும் ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்து வந்தன. இதற்கு வழி காணுமாறு கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு பெற நேர்ந்தவர் அவர். அவருக்குத் துணையாக வந்தவர்கள் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள்.

ஓர் அறையின் தரைதான் அவர்களுடைய கடல். சுண்ணாம்புக் கட்டியால் கப்பல்களின் தடத்தை வரைவார்கள். காவற்கப்பலின் தலைவராக ஆடுபவர் திரைக்குப் பின்னால் அமர்ந்து, ஒரு துவாரத்தின் வழியே மட்டும் பார்க்கவேண்டும். நீர்மூழ்கியின் தடம் அவர் கண்ணுக்குப் புலப்படாத நிறத்தில் வரையப்படும். கடலில் எது தெரியுமோ அதுவே அறையிலும் தெரியலாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியலாகாது. இவ்விதியை யாருக்காகவும் அவர்கள் தளர்த்தவில்லை.

நீர்மூழ்கி கப்பல் கூட்டத்துக்கு வெளியே தொலைவில் நின்று சுடுகிறது என்றே அன்று பலரும் நம்பினார்கள். ராபர்ட்ஸும் ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓகெல் என்ற பெண்களும் நடந்த தாக்குதல்களைத் தரையில் திரும்ப ஆடிப் பார்த்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. நீர்மூழ்கி இரவில் பின்புறமாக நழுவிவந்து, கப்பல் வரிசைகளின் உள்ளேயே புகுந்து சுடுகிறது என்று வைத்துக்கொண்டபோதுதான் எல்லாம் பொருந்தியது. ஆட்டைக் கொன்ற புலி மந்தைக்குள்ளேயே பதுங்கியிருந்தது! எனவே காவற்கப்பல்கள் வெளியே ஓடாமல் கூட்டத்தின் பின்புறம் துழாவவேண்டும் என்ற புதிய முறையை வகுத்தார்கள்.

அவ்வாண்டின் இறுதியில் பொறுப்பேற்ற தளபதி மாக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப் போரில் நீர்மூழ்கித் தலைவராக இருந்து புகழ்பெற்றவர். அவரே நீர்மூழ்கியாக ஆடினார். எதிரே காவற்கப்பலாக ஆடியவர் ஓகெல். ஐந்து முறையும் தளபதியே தோற்றார்! ‘மேலதிகாரி ஆயிற்றே’ என்று யாரும் மூழ்கிய நீர்மூழ்கியை மிதக்கவிடவில்லை. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஐயாயிரம் அதிகாரிகள் அத்தரையில் பயின்றார்கள். 1943 மே மாதத்தில் ஜெர்மானியர் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்து, வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கினார்கள். ராடாரும் விமானமும் அதற்குப் பெருந்துணை புரிந்தன. ஆயினும் இந்தத் தரைக்கும் அதில் பங்கு உண்டு.

சமம் வந்தால் யாருக்கு?

போருக்குப் பின் உலகப் படத்தையே பலகையாக்கி விற்பனைக்கு ஆட்டங்கள் வந்தன. 1957-இல் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பர் லாமோரிஸ் அமைத்து வெளியிட்ட ஆட்டமே பின்னர் ரிஸ்க் என்று பெயர் பெற்றது. அதில் தாக்குபவரும் காப்பவரும் பகடை உருட்டுவார்கள். பெரிய எண் வெல்லும். இரண்டும் சமமாக வந்தால்? காப்பவருக்கே வெற்றி என்பது விதி.

ஆளுக்கு ஒரு பகடை என்று கொள்வோம். விழக்கூடிய வகைகள் 36. அவற்றுள் தாக்குபவருக்குப் பெரிய எண் வருவது 15. காப்பவருக்குப் பெரிய எண் வருவது 15. சமம் வருவது 6. எனவே காப்பவருக்கு வெற்றி வாய்ப்பு 36-க்கு 21. அந்த ஒரே விதியைத் திருப்பிவிட்டால் 21 தாக்குபவருக்குப் போய்விடும். படையும் அதுவே, பகடையும் அதுவே. கோழையாக இருந்தவர் வீரராகிவிடுவார்! நடுவில் விதியை வளைப்பவர் எதிரியை ஏமாற்றுவதாக எண்ணுகிறார். உண்மையில் தம் திட்டம் எவ்வளவு வலியது என்ற செய்தியைத் தமக்கே மறைத்துக்கொள்கிறார்.

இது போருக்கு மட்டும் உரிய பாடமன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி இருக்கிறது. தீ, வெள்ளம், புயல் முதலியவற்றுக்காகப் பல இடங்களில் ஒத்திகைகள் நடத்தப்படுகின்றன. ஒத்திகையில் ஒரு வாயில் திறக்கவில்லை, ஒருவர் வெளியே வரவில்லை என்றால், அவரை இழந்துவிட்டோம் என்றே எழுதிவைக்கவேண்டும். ‘எப்படியோ வந்துவிட்டார்’ என்று எழுதினால் அதுவும் காகாவை மிதக்கவிட்ட கதைதான். ஒத்திகையில் இழப்பது ஒரு காய். உண்மையில் இழப்பது ஓர் உயிர்.

வாசகர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு நண்பரோடு, புலி வெட்டியே தீரவேண்டும் என்ற விதிப்படி பத்து ஆட்டங்களும், வெட்டுவது புலியின் விருப்பம் என்ற விதிப்படி பத்து ஆட்டங்களும் ஆடுங்கள். வென்றவர் யார், வெட்டுப்பட்ட ஆடுகள் எத்தனை என்று ஒவ்வொன்றையும் குறித்து வாருங்கள். விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். இருபது ஆட்டங்கள் முடிந்தபின் அந்தத் தாளைப் பாருங்கள். நீங்கள் தோற்ற ஆட்டங்களே உங்களுக்கு மிகுதியாகக் கற்பித்திருக்கும்.