சென்னை சட்டக் கல்லூரி தந்த சட்ட மேதைகள்

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தவுடன் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். மருத்துவம் கிடைக்குமா, பொறியியலில் எந்தப் பிரிவு எடுக்கலாம், பி.காம். படித்தால் வளைகுடாவில் வேலை கிடைக்குமா என்று கேட்கிறோம். சட்டம் படிக்க வைக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு. "வக்கீல் தொழிலில் பொய் பேச வேண்டியிருக்கும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடும் பெரியவர்களும் நம்மிடம் உண்டு.

ஆனால் வக்ஃபு சொத்தில் ஆக்கிரமிப்பு, பாகப்பிரிவினையில் தகராறு, மகளின் திருமண முறிவு, மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்ற செய்தி என ஏதாவது ஒன்று வந்துவிட்டால், அன்று இரவே ஒரு நல்ல வக்கீலைத் தேடி அலைகிறோம். தேவை வரும்போது தேடுகிற நாம், அந்த இடத்துக்கு நம் பிள்ளைகளை முன்கூட்டியே தயார் செய்வதில்லை.

சட்டம் படித்தவர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்ய முடியும் என்பதை அறிய, நமக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களைப் பார்த்தாலே போதும். அதுதான் சென்னை சட்டக் கல்லூரி.

கல்லூரியின் வரலாறு

சென்னையில் சட்டக் கல்வி முதலில் மாநிலக் கல்லூரியின் ஒரு பகுதியாக நடந்து வந்தது. 1891இல் அது தனிக் கல்லூரியானது. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியுள்ள அதன் செந்நிறக் கட்டடம் 1899இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். 1990இல் கல்லூரிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. 2018இல் வகுப்புகள் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. இன்றைய ஆந்திரா, கேரளா, கர்நாடகத்தின் சில பகுதிகள் அன்று சென்னை மாகாணத்தில் இருந்ததால், அங்கிருந்தும் மாணவர்கள் இங்கே வந்து படித்தார்கள்.

அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர்

1883இல் நெல்லூர் பகுதியில் பிறந்தவர். 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தார். டாக்டர் அம்பேத்கர் தலைமையில் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைந்தபோது அதன் உறுப்பினர்களில் ஒருவரானார். அதே குழுவில் அஸ்ஸாமைச் சேர்ந்த சையித் முஹம்மது சாதுல்லாவும் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இன்று நாம் மதச் சுதந்திரம், சிறுபான்மையினரின் கல்வி உரிமை என்று மேடைகளில் எடுத்துக் காட்டும் பிரிவுகள் இந்தக் குழுவின் மேசையைக் கடந்து வந்தவைதாம்.

எம். பதஞ்சலி சாஸ்திரி

1951 முதல் 1954 வரை இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர். வழக்கறிஞராக இருந்த காலத்தில் வரிச் சட்டத்தில் பெயர் பெற்றவர். ஆனால் அவரை நாடு நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அரசு தடை விதித்தது. 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இவரே. 1952இல், ஓர் அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அரசு தன் எண்ணப்படி அறிவித்துவிட முடியாது என்று வி.ஜி. ராவ் வழக்கில் தீர்ப்பளித்தார். அமைப்புகள் தடை செய்யப்படும்போதெல்லாம் வழக்கறிஞர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டி வாதிடுகிறார்கள்.

கே. சுப்பா ராவ்

1902இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். 1966இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். உத்தரப் பிரதேசக் காவல்துறை, கரக் சிங் என்பவரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து, இரவு நேரங்களில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி வந்தது. 1962இல் அந்த வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள், தனிமைக்கான உரிமை என ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லை என்றார்கள். சுப்பா ராவ் உடன்படவில்லை. ஒரு மனிதனின் அந்தரங்கம் அவனுடைய சுதந்திரத்தின் பகுதி என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 55 ஆண்டுகளுக்குப் பின், 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அவர் கருத்தே சரி என ஏற்றது. தோற்றுப்போன தீர்ப்பும் வீணாவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

1967இல் கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார். அதன் பின் பதவி விலகிக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். அந்தத் தேர்தலில் வென்று நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவரானவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன்.

நீதிபதி பஷீர் அஹமது சயீத்

1900இல் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்து, 1950இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். பத்தாண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். இருந்தாலும் அவர் பெயரை இன்று அதிகம் சொல்ல வைப்பது தீர்ப்புகள் அல்ல, ஒரு கல்லூரி. முஸ்லிம் பெண்கள் உயர்கல்விக்கு வெளியே வரத் தயங்கிய காலத்தில், தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையை உருவாக்கி, 1955இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினார். எஸ்.ஐ.இ.டி. கல்லூரி என்று நம் தாய்மார்கள் அறிந்திருக்கும் அந்தக் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எல்லாச் சமுதாயப் பெண்களும் அங்கே படிக்கிறார்கள். அறக்கட்டளையை எப்படி எழுதுவது, சொத்தை எப்படிப் பாதுகாப்பது என்று தெரிந்த ஒருவர் கையில் சமுதாயப் பணி சென்றால் அது எத்தனை தலைமுறைக்கு நிலைக்கும் என்பதை இங்கே காண்கிறோம்.

நீதிபதி மு.மு. இஸ்மாயில்

1921இல் நாகூரில் பிறந்தவர். 1967இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாகி, அதே ஆண்டில் சென்னைக்கு வந்தார். 1979இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1980இல் சில நாட்கள் தமிழ்நாட்டின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தில் கைதானவர்கள் சென்னை மத்திய சிறையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அதன் பின் உயிரிழந்தார். 1977இல் இதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையத்துக்கு இஸ்மாயில் அவர்களே தலைவர். சிறைச் சுவருக்குள் நடந்ததை வெளியே கொண்டுவந்து, கைதிகள் தாக்கப்பட்டது உண்மை என்று அந்த ஆணையம் பதிவு செய்தது. தமிழக அரசியல் வரலாற்றில் 'இஸ்மாயில் ஆணையம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1981இல் மத்திய அரசு அவரைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. அவர் அங்கே சென்று பொறுப்பேற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். இன்னொரு பக்கம், கம்ப ராமாயணத்தில் அவருக்கிருந்த புலமையைத் தமிழறிஞர்கள் அனைவரும் ஏற்றார்கள். சென்னைக் கம்பன் கழகத்தை நீண்ட காலம் வழிநடத்தினார். இஸ்லாமியத் தமிழ்க் காப்பியமான இராஜநாயகத்தைப் பற்றியும் எழுதினார். தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றபடியே பிற சமுதாயத்தாரின் அன்பையும் பெற முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. 2005இல் காலமானார். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக.

வி.ஆர். கிருஷ்ணய்யர்

பாலக்காட்டைச் சேர்ந்தவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், சிறை உள்ளிட்ட துறைகளைக் கவனித்தார். பின்னர் கேரள உயர் நீதிமன்றத்திலும், 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தார். சிறைவாசிக்கும் அடிப்படை உரிமை உண்டு, காரணமில்லாமல் கைவிலங்கு மாட்டக் கூடாது என்ற தீர்ப்புகள் அவர் தந்தவை.

நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புடைய தீர்ப்பு ஒன்றும் உண்டு. கேரள உயர் நீதிமன்றத்தில் வந்த யூசுஃப் ராவுத்தர் எதிர் சௌரம்மா வழக்கு அது. முஸ்லிம் ஆண் நினைத்த நேரத்தில், காரணமின்றி, ஒருதலையாக மனைவியை விலக்கிவிடலாம் என்று நீதிமன்றங்கள் நம்பி வந்த எண்ணம் இஸ்லாமியச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று அதில் எழுதினார். முஸ்லிமல்லாத ஒரு நீதிபதி, நம் மார்க்கச் சட்டத்தைத் தேடிப் படித்து, அதன் மீதிருந்த தவறான புரிதலை நீக்க முயன்றார். அவருடைய எல்லாத் தீர்ப்புகளையும் நம் உலமாக்கள் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. 1979இல் பாய் தாஹிரா வழக்கில், தலாக்கின்போது கொடுத்த சிறு மஹர் தொகை ஜீவனாம்சத்துக்கு ஈடாகாது என்று அவர் கூறியதில் நமக்குள் மாறுபட்ட கருத்துகள் இருந்தன. ஆனால் மாறுபடுவதற்கும் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஃபிக்ஹும் தெரிந்து, சட்டப் பிரிவுகளும் தெரிந்து, நீதிமன்றத்தில் எழுந்து நின்று விளக்கக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்ற கேள்வியை இந்த வழக்குகள் நம் முன் வைக்கின்றன.

ஆர். வெங்கட்ராமன்

தஞ்சை மாவட்டம் ராஜாமடத்தில் 1910இல் பிறந்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஜப்பானியருக்குத் துணைபோனதாக மலேயாவில் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட அனுப்பப்பட்ட வழக்கறிஞர்களில் ஒருவர். தொழிலாளர் சட்டத்துக்கென 1949இல் ஓர் இதழைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் தொழில் அமைச்சராகவும், 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராகவும் இருந்தார்.

பி. சதாசிவம்

ஈரோடு மாவட்டத்தில் பவானிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2013இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். தேர்தலில் யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்பதைப் பதிவு செய்யும் 'நோட்டா' பொத்தான் அவர் தலைமையிலான அமர்வின் தீர்ப்பால் வந்தது. கருணை மனு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்ததைக் காரணம் காட்டி, 2014இல் 15 பேரின் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்ததும் அவருடைய அமர்வே. பணி ஓய்வுக்குப் பின் கேரள ஆளுநராக இருந்தார். நகரத்தில், வசதியான வீட்டில் பிறந்தால்தான் இந்த உயரத்துக்குப் போக முடியும் என்பது சரியல்ல.

பெண்களுக்குத் திறந்த கதவு

பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று 1923இல்தான் இந்தியாவில் சட்டம் வந்தது. சென்னை சட்டக் கல்லூரியில் படித்த பி. ஆனந்தபாய், 1929இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். குலா, ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு போன்ற வழக்குகளில் நம் சகோதரிகள் தங்கள் மனத்திலுள்ளதை ஓர் ஆண் வக்கீலிடம் முழுமையாகச் சொல்லத் தயங்குகிறார்கள். பாதி சொல்லப்பட்ட வழக்கு பாதியிலேயே தோற்றுவிடுகிறது. மகள் சட்டம் படிக்க விரும்பினால் தடுப்பதற்கு முன், பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கான வழி

பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேரலாம். பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். மதரஸாவில் ஆலிம் பட்டம் பெற்று, கூடவே பல்கலைக்கழகப் பட்டமும் முடித்த இளைஞர்களுக்கு இந்த மூன்றாண்டுப் படிப்பு நல்ல வாய்ப்பு. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில், டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாகச் சேர்க்கை நடக்கிறது. மதுரை, திருச்சி, திருநெல்வேலி, ராமநாதபுரம் போன்ற ஊர்களிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருப்பதால் சென்னைக்கே போக வேண்டும் என்பதில்லை. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 'கிளாட்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

படிப்பை முடித்தவர்கள் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்தியத் தகுதித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். பொதுப் பிரிவினரிடம் பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தொழிலின் முதல் சில ஆண்டுகளில் வருமானம் குறைவாகவே இருக்கும். அந்தக் காலத்தைத் தாங்கிக்கொள்ளக் குடும்பத்தின் துணை வேண்டும். ஜமாஅத்துகள் தங்கள் கல்வி உதவித்தொகையில் சட்ட மாணவர்களுக்கும், புதிதாகத் தொழில் தொடங்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்கினால் அது பெரிய உதவியாக அமையும்.

"பொய் பேசும் தொழில்" என்ற பேச்சுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். மேலே கண்டவர்களின் பெயர் நிலைத்தது பொய்யால் அல்ல. அதிகாரத்தில் இருப்பவர் விரும்பாத உண்மையை எழுதியதால்தான். தனக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி நம் மார்க்கம் கட்டளையிடுகிறது. ஒரு சமுதாயத்துக்குத் தேவையான கல்வியைச் சிலராவது கற்றிருக்க வேண்டும், எவரும் கற்காவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள் என்பதுதான் ஃபர்ளு கிஃபாயா. இன்றைய நிலையில் சட்டக் கல்வி நமக்கு அந்த இடத்தில் இருக்கிறது.

இந்த ஆண்டு முடிவு வரும்போது, விண்ணப்பங்களின் பட்டியலில் சட்டக் கல்லூரியின் பெயரையும் ஒரு வரியாகச் சேர்ப்போம். விருப்பமும் நேர்மையும் உள்ள பிள்ளையை அந்த வழியில் அனுப்புவோம். நீதிக்காக நிற்கும் தலைமுறையை நம் வீடுகளிலிருந்து அல்லாஹ் உருவாக்குவானாக. ஆமீன்.