வெளுத்த பனைகள்

கலத்தோசவ் இயக்கிய 'நான் கியூபா' (1964) படத்தில் பனைகளும் கரும்பும் வெள்ளையாக நிற்கின்றன. நல்ல வெயிலில் வானம் கறுத்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் உருசேவ்ஸ்கி அப்பகுதிகளுக்கு எடுத்துக்கொண்டது அகச்சிவப்புப் பிலிம். பச்சிலை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. தெளிந்த வானிலிருந்து அது மிகச் சொற்பமாகவே வருகிறது. இலை வெளுப்பதும் வானம் இருள்வதும் இதனால்தான். ராணுவத்துக்கும் இக்குணம் பயன்பட்டிருக்கிறது: பச்சைச் சாயம் பூசிய மறைப்பை உயிருள்ள இலையினின்று இப்பிலிம் பிரித்துக் காட்டிவிடும்.

வேவுக்கான கண் இங்கே கவிதைக்கு வந்தது. கியூபர்கள் அதை ஏற்கவில்லை. 'நான் கியூபா அல்ல' என்று கேலி செய்தார்கள். மாஸ்கோவிலும் படம் எடுபடவில்லை. 1990களில் அமெரிக்காவில் திரையிடப்பட்ட பிறகே கொண்டாட்டம் தொடங்கியது.

அந்தக் கேலியை ரசனைக் குறைவென்று ஒதுக்குவது சரியல்ல. கரும்பு வெட்டுகிறவனுக்குக் கரும்பு பச்சை. வெண்மை, வெளியிலிருந்து வந்தவனின் வியப்பு. ஆனால் வழக்கமான பிலிம் தரும் சாம்பல் நிறமும் பச்சை அல்லவே. அதை எவரும் கேலி செய்வதில்லை, பழகிவிட்டது. உருசேவ்ஸ்கியின் தேர்வு கியூபாவைக் காட்டியதா என்பது விவாதத்துக்குரியது. நாம் யதார்த்தம் என்று நம்பிய சாம்பலும் ஒரு தேர்வே என்பதைக் காட்டிவிட்டது.