காயலும் கானலும்

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு நீர்க்காட்சி புதிதன்று. கிழக்கே காயல், மேற்கே சற்றுச் சென்றால் அரபிக்கடல். ஆயினும் சித்திரை நண்பகலில் தார்ச்சாலையைத் தொலைவே நோக்கின், அங்கும் நீர் தேங்கி நிற்பதுபோல் தோன்றுகிறது. அணுக அணுக அது அகன்று செல்கிறது. இதுவே கானல்நீர்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சங்கப் புலவர் இதனைப் பேய்த்தேர் என்றும் வெண்தேர் என்றும் வழங்கினர். நீர்வேட்கை கொண்ட விலங்குகள் இதனை நாடி ஓடி இளைத்ததைப் பாலைப் பாடல்களில் காட்டினர். அந்நாளில் கானல் என்ற சொல் கடற்கரைச் சோலையையும் குறித்தது. சிலப்பதிகாரத்துக் கானல்வரி அப்பொருள் பற்றியதே.

1798-இல் நெப்போலியனின் படை எகிப்துப் பாலையில் சென்றபோது, தாகத்தால் வாடிய வீரர்கள் எதிரே ஏரிகளைக் கண்டு ஏமாந்தனர். உடன் சென்ற கணித அறிஞர் காஸ்பார் மோஞ்சு அவ்வாண்டே இதற்கு விளக்கம் கூறினார். தரை கொதிக்கும்போது அதனை ஒட்டிய காற்று, மேலுள்ள காற்றைவிட வெப்பமுற்று அடர்த்தி குறைகிறது. வானிலிருந்து மிகச் சாய்வாக இறங்கும் ஒளி அங்கே வளைந்து, தரையைத் தொடாமலே மேலெழுந்து நம் கண்ணை அடைகிறது. ஒளி நேராகவே வந்ததெனக் கொள்ளும் நாம் வானத்தைத் தரையில் காண்கிறோம். தரையில் வானம் தெரிந்தால் அது நீராகத்தான் இருக்கும் என்பது நம் பழக்கம்.

ஆகவே கானல்நீர் வெறும் கண்மயக்கன்று. ஒளிப்படக் கருவியும் அதனைப் பதிவு செய்யும். நாம் கண்ட ஒளி மெய்யே. அதனை நீரென்று கொண்டதே பிழை. பேய்த்தேர் என்று பெயரிட்டோர் காட்சியைச் சரியாகவே கண்டனர். காரணம் அறிந்த நமக்கோ பேயைத் தேடவேண்டிய தேவையில்லை.