மில்னர்-பேரி: கேம்பிட்டுக்குப் பின்னாடி இருந்த மனுஷர்

பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடுறவங்களுக்கு மில்னர்-பேரி கேம்பிட் தெரிஞ்சிருக்கும். டி4 கட்டத்துல இருக்கற சிப்பாயை வெள்ளை 'இந்தா எடுத்துக்கோ'ன்னு விட்டுடும். கறுப்பு அவசரப்பட்டு குதிரையால வெட்டி, வெள்ளைக் குதிரை அதை வெட்ட, திரும்ப ராணியால வெட்டினா போச்சு. டி3-ல சாதுவா நின்ன பிஷப் பி5-க்குப் பாய்ஞ்சு செக் வைக்கும். அது விலகின வழியில வெள்ளை ராணி, கறுப்பு ராணியைத் தூக்கிடும். உலகம் முழுக்க கிளப் ஆட்டக்காரங்க இதுல ராணியைப் பறிகொடுத்திருக்காங்க.

பேருக்குச் சொந்தக்காரர் ஸ்டூவர்ட் மில்னர்-பேரி (1906-1995), இங்கிலாந்துக்காரர். 1923-ல பிரிட்டிஷ் சிறுவர் சாம்பியன். ஆனா கடைசி வரைக்கும் செஸ்ஸைத் தொழிலா வச்சுக்கல. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில படிச்சு, லண்டன்ல பங்குத் தரகு வேலை பார்த்தார். அது அவருக்குச் சுத்தமா பிடிக்கல. 1938-லேர்ந்து 'டைம்ஸ்' பத்திரிகையில செஸ் பத்தி எழுதினார்.

1939-ல புவெனஸ் ஐரிஸ் ஒலிம்பியாட் நடந்துகிட்டு இருக்கும்போதே போர் வெடிச்சது. இங்கிலாந்து அணி பாதியில கிளம்பிடுச்சு. அந்த அணியில இருந்த மில்னர்-பேரி, அவரோட நெருங்கிய நண்பர் ஹியூ அலெக்சாண்டர், ஹாரி கோலம்பெக் மூணு பேரும் பின்னாடி பிளெட்ச்லி பார்க்ல, ஜெர்மன் எனிக்மாவை உடைக்கற வேலையில வந்து சேர்ந்தாங்க. மில்னர்-பேரியைக் கூப்பிட்டது கல்லூரி நண்பர் கார்டன் வெல்ச்மன்.

மில்னர்-பேரி கணித ஆள் கிடையாது. அவருக்குக் கிடைச்ச வேலை 'கிரிப்' கண்டுபிடிக்கறது. அதாவது, இந்த ரகசியச் செய்திக்குள்ள இந்த வாக்கியம்தான் இருக்கும்னு ஊகிக்கறது. ஜெர்மன் ராணுவத்துல மரியாதை ஜாஸ்தி. அதிகாரியோட முழுப் பதவிப்பேரையும் போட்டு ஒரே மாதிரி ஆரம்பிப்பாங்க :-) எனிக்மாவுல ஒரு எழுத்து ஒருநாளும் அதே எழுத்தா மாறாது. அதனால ஊகிச்ச வாக்கியத்தைச் செய்திக்குக் கீழ வச்சுப் பார்க்கணும். ஒரே இடத்துல ஒரே எழுத்து வந்தா அந்த இடம் தப்பு, நகர்த்து. மிஞ்சினதை 'பாம்' மெஷின்ல கொடுப்பாங்க. நம்ம பாஷையில சொன்னா, தேடறதுக்கு முன்னாடியே பாதிக் கிளையை வெட்டி எறியற வேலை.

1941-ல அங்க ஆள் பற்றாக்குறை. கிளார்க் இல்ல, டைப்பிஸ்ட் இல்ல, மேலிடத்துல கேட்டும் பலன் இல்ல. டூரிங், வெல்ச்மன், அலெக்சாண்டர், மில்னர்-பேரி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, அக்டோபர் 21-ம் தேதி நேரடியா சர்ச்சிலுக்கே ஒரு கடிதம் எழுதிட்டாங்க. யார் கொண்டு போறது? மில்னர்-பேரிதான் போனார். அங்க தான் இல்லாட்டியும் வேலை ஓடும், அதனாலதான் தன்னை அனுப்பினாங்கன்னு பின்னாடி அவரே சொல்லிக்கிட்டார்.

ரயில் ஏறி, டாக்ஸி பிடிச்சு, பிரதமர் வீட்டு வாசல்ல நிக்கறார். அடையாள அட்டை கையில இல்ல. என்ன விஷயம்னு கேட்டா சொல்லவும் முடியாது, ரகசியம். ஒருவழியா சர்ச்சிலோட செயலாளர் ஒருத்தர்கிட்ட கடிதம் போய்ச் சேர்ந்தது. இவங்க கேட்டதையெல்லாம் உடனே கொடுங்கன்னு சர்ச்சில் உத்தரவு போட்டார். 2014-ல வந்த 'தி இமிடேஷன் கேம்' படத்துல டூரிங் தனியா கடிதம் எழுதறார். வாசல்ல போய் நின்ன மனுஷர் படத்துலயே இல்ல. சினிமாவுக்கு ஒரு ஹீரோ போதும்போல.

1943-ல அந்தப் பிரிவுக்கே, அதாவது ஹட் 6-க்கு, அவர் தலைவரானார். போர் முடிஞ்சதும் நிதித்துறையில அரசு வேலை, மிச்ச நேரத்துல செஸ். 1970-லேர்ந்து 1973 வரைக்கும் பிரிட்டிஷ் செஸ் கூட்டமைப்புக்குத் தலைவர். போர்க்காலத்துல என்ன செஞ்சோம்னு முப்பது வருஷமா வெளியில மூச்சு விடக்கூடாது. எதிர்ல உக்காந்து ஆடினவங்களுக்கு அவர் நல்லா ஆடற ஒரு அரசாங்க அதிகாரி, அவ்வளவுதான்.

1974-ல ஒரு புத்தகம் மூலமா பிளெட்ச்லி கதை வெளிய வந்தப்போ அலெக்சாண்டர் உயிரோட இல்ல. அந்த வருஷம் பிப்ரவரியிலயே போயிட்டார். 1976-ல அலெக்சாண்டரோட சிறந்த ஆட்டங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டாங்க. அதுல நண்பரைப் பத்தின நினைவுக் கட்டுரையை எழுதினது மில்னர்-பேரி.