தூண்டில்காரரின் நீர்நிலை உரிமை

பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர், ஆற்றையோ ஏரியையோ அணுகித் தூண்டில் போடுவதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. மீனைக் காக்கச் சட்டம் உண்டு, காட்டைக் காக்கச் சட்டம் உண்டு, நீரைக் குத்தகைக்கு விட விதிகள் உண்டு. தூண்டில் பிடித்தவர் இவற்றின் இடுக்கில்தான் நிற்கிறார்.

எடுத்துக்காட்டாக, பெங்களூரு பிரேசர் டவுன்வாசிக்குப் பக்கத்து நீர் அல்சூர் ஏரி. ஆனால் ஊர் ஏரியாயிற்றே என்று கரையில் உட்கார்ந்து தூண்டில் வீசிவிட முடியாது. அரசமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் இனம். கர்நாடகத்தில் 1996ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் இதை ஆள்கிறது. ஏரி மீனைப் பிடிக்கும் உரிமையை அரசு குத்தகைக்கோ உரிமத்துக்கோ விடும்போது, கரையில் நடப்பவருக்கு அதில் பங்கில்லை.

இந்த உரிமை எவ்வளவு கனமானது என்பதை ஒடிசாவின் சிலிகா ஏரி வழக்கு காட்டுகிறது. ஏரியின் சில பகுதிகளில் மீன் பிடிக்கப் பழைய ஜமீன்தாரிடம் வாய்மொழியாக உரிமம் வாங்கியிருந்தவர்கள், ஜமீன் ஒழிந்த பிறகும் அது செல்லும் என்று வாதாடினார்கள். 1955இல் உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. நீரில் புகுந்து மீனைப் பிடித்துக்கொண்டு போகும் உரிமை அசையாச் சொத்தில் உள்ள உரிமை, அதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்றது. ஆனந்த பெஹரா வழக்கு என்று வழக்கறிஞர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். வாய்ப்பேச்சு அனுமதியை நம்பிக் கிளம்பும் தூண்டில்காரர் ஒருமுறை படித்துவைக்கலாம்.

ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களின் கவலை வேறு. 1879இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம், நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கியது. அன்றைய தண்டனை இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். மீன் அழியக்கூடாது என்றார்கள். யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை உரிமச் சீட்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள பீமேஸ்வரி காவிரிக்கரையில்தான் கதை சூடுபிடிக்கிறது. ராகி உருண்டையைத் தூண்டிலில் கோத்துப் பரிசலில் மிதந்து மகசீர் என்ற பெரிய ஆற்றுமீனைப் பிடிக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். வான் இங்கன் என்பவர் 1946இல் காவிரியில் கலக்கும் கபினியில் பிடித்த 120 பவுண்டு மகசீர் இன்றும் பேசப்படுகிறது. 1972இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே முகாம்களை நடத்தியது. பிடித்த மீனை எடை பார்த்து ஆற்றிலேயே விடுவது வழக்கம். முன்பு வெடி போட்டவர்கள் சிலர் முகாமில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளம் வாங்கினார்கள்.

1987இல் இக்கரைகள் காவிரி வனவிலங்குச் சரணாலயமாயின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து எந்த வனவுயிரையும் அனுமதியின்றி எடுக்கவோ அழிக்கவோ கூடாது என்கிறது. 28ஆம் பிரிவு சுற்றுலாவுக்கு நுழைவுச் சீட்டு தர இடமளிக்கிறது. பிடித்து விடும் தூண்டில் சுற்றுலாவா, வேட்டையா? வேட்டைதான் என்ற வாதம் ஓங்க, 2012 வாக்கில் முகாம்களில் தூண்டில் நின்றது. அனுமதியால் வந்தவர்களை அனுமதி மறுப்பு வெளியே அனுப்பியது. முறையிட அவர்களிடம் உரிமை என்று ஒன்று இருந்ததே இல்லை.

மீனுக்கு அதனால் நன்மையா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. கலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையான பிடிப்புப் பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் காவிரிக்கே உரிய திமில் மகசீர் மறைந்துவருவது புலப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்தது வளர்ப்புப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். திமில் மகசீர் 2018இல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டது. தூண்டில்காரர்கள் விளையாட்டாக எழுதிவைத்த கணக்கு இல்லாவிட்டால் இந்தச் சரிவுக்குச் சான்று தேடி அலைந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு நின்றுபோனதை, தடையை ஆதரிப்பவர்கள்கூட இழப்பாகவே எண்ண வேண்டும்.

வெளிநாடுகளில் சில அரசுகள் உரிமையை எழுத்திலேயே தந்துவிட்டன. கலிபோர்னியா 1910இல் தன் அரசமைப்பிலேயே, அரசு நிலத்திலிருந்து மீன் பிடிக்கும் உரிமையைச் சேர்த்தது. மொன்டானாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம், ஆற்றின் வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் யாரும் நடக்கலாம் என்கிறது. ஆனால் அங்கே போய்ச்சேர அடுத்தவர் தோட்டத்தைக் குறுக்கே கடக்க முடியாது. அதே 1985இல் சுவீடன், கடற்கரையிலும் ஐந்து பெரிய ஏரிகளிலும் கைத்தூண்டிலுக்கு இருந்த தடையை நீக்கியது. கரையுடைமையாளர்கள் முணுமுணுத்தார்கள், சட்டம் நிலைத்தது.